பன்னிரண்டாவது சிலுவை

அத்தியாயம் 9

"பதினொண்ணு," என்றான் வால்.

"மறுபடி எண்ணு," என்றார் ஜட்ஜம்மா.

"மேடம், பத்து விரலையும் மடக்கி முடிச்ச பிறகு ஒண்ணு மிச்சம் நின்னா அது பதினொண்ணுதான். ரெண்டு தடவை சுத்தி வந்துட்டேன். மூணாவது சுத்து போனா, யாரோ புதுப் புனிதர்னு நெனச்சு எனக்கே மெழுகுவத்தி ஏத்திடுவாங்க."

ஜட்ஜம்மா சிரிக்கவில்லை. அவர் சிரித்து வால் பார்த்ததில்லை. அந்த ஆத்திரத்திலேயே அவன் ஜோக் அடிப்பதை விடாமல் வைத்திருந்தான்.

பெயர்தான் ஜட்ஜம்மாவே தவிர அவர் நீதிபதி இல்லை. இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டில் உட்கார்ந்து சாட்சிகள் சொன்னதை டைப் அடித்தவர். அத்தனை பொய்யையும் ஒரு எழுத்து விடாமல் தட்டித் தட்டி, கடைசியில் பொய்யின் வாசனை மூக்கில் ஏறிவிட்டது என்று வேலையை விட்டுத் துப்பறிய வந்துவிட்டார். அவனுக்கு முப்பத்து நாலு வயது; 'வால்' என்ற பட்டம் கிடைத்தது பாதி அவர் பின்னாலேயே போவதால், மீதி அவனுடைய வாயால்.

கடைசி பெஞ்சில் மூன்றாவது ஆள் உட்கார்ந்திருந்தார். கொத்தனார். எழுபது வயசு. மடியில் ஒரு பை, பைக்குள் கரணை, தூக்குக்குண்டு, ரசமட்டம். வேலைக்குப் போவதை விட்டு வருஷக்கணக்காகியும் அந்தப் பை இல்லாமல் அவர் வெளியே கிளம்புவதில்லை. வழக்கைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே தேவாலயத்தில் பழுது பார்த்துக்கொண்டிருந்த அவருடைய ஒரே மகன் ஒரு வெள்ளிக்கிழமை காணாமல் போனான். அதே வெள்ளிக்கிழமை பீடத்திலிருந்த வெள்ளிக் கிண்ணமும் காணாமல் போனது. ஊர் ரெண்டையும் கூட்டி விடை சொல்லிவிட்டது. கொத்தனார் வீட்டுச் சுவரில் தாரால் 'திருடன் வீடு' என்று எழுதினார்கள். அவர் சுண்ணாம்பு அடிப்பார், மறுபடி எழுதுவார்கள். இப்போது அவர் மனைவி படுத்த படுக்கை. டாக்டர் பத்து நாள் தாங்கினால் பெரிசு என்று சொல்லிவிட்டார். கண் விழிக்கும்போதெல்லாம் அந்தம்மா கேட்பது ஒன்றுதான்: பையன் வந்துட்டானா?

"எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்கம்மா. திருடனோ என்னவோ, ஒரு தடவை கூட்டிட்டு வந்து அவ கண்ணுல காட்டிடறேன்." இதுதான் அவர் கேட்டது.

காலையில் பஸ்ஸில் வரும்போது வால் வாய் அரிப்பில், "கவலைப்படாதீங்க பெரியவரே, உங்க பையன் எங்கேயாவது அந்தக் கிண்ணத்துலயே டீ குடிச்சிட்டு ஜம்முனு இருப்பான்," என்று சொல்லியிருந்தான். கொத்தனார் கோபப்படவில்லை. "உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும் தம்பி," என்றார். அதற்குப் பிறகு வால் இறங்கும் வரைக்கும் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டு வந்தான்.

தேவாலயம் வயல்களுக்கு நடுவே தனியாக நின்றது. ஆள் படுக்கும் அகலத்துக்குச் சுவர். ஒடுங்கி உயர்ந்து உச்சியில் கூராகச் சேரும் ஜன்னல்கள். மேலே கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி மரக்கூரை. வடக்குச் சுவர் வெளிப்பக்கம் சாயப் பார்த்ததால் யாரோ எந்தக் காலத்திலோ நாலு உதைசுவர் கொடுத்துப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். எந்தப் பக்கம் கால் வைத்தாலும் யாராவது ஒரு பெரிய மனிதரின் நெஞ்சு மேல்தான் வைக்க வேண்டும்.

கதவைத் திறந்துவிட்டவர் சரித்திரம். அதுவும் பட்டப்பெயர்தான். ரிட்டயர் ஆன நில அளவையாளர். தேவாலயத்துச் சாவி, ஆர்கன் வாத்தியம், வரலாறு மூன்றும் அவர் பொறுப்பு. உள்ளே நுழைந்த கால் மணி நேரத்தில் வாலை நாலு தடவை திருத்திவிட்டார். அது தூண் இல்லை, அரைத்தூண். அது கருங்கல் இல்லை, கருப்புச் சுண்ணாம்புக்கல். கோபுரம் அறுபது அடி இல்லை, ஐம்பத்தெட்டே கால். கடைசியாக வால் "நல்ல மத்தியானம் சார்" என்றதற்கு, மணி நாலாகிவிட்டது, இது சாயங்காலம் என்றார். இப்போது பின்னறை ஜன்னலைச் சாத்தப் போயிருந்தார்.

ஜட்ஜம்மா கையில் ஒரு மெல்லிய புத்தகம். சரித்திரம் எழுதிய தேவாலய வரலாறு, ஐந்தாம் பதிப்பு. வாசலில் அடுக்கி வைத்திருந்ததில் ஒன்று.

"ஒரு சர்ச்சைக் கட்டி முடிச்சதும் பிஷப் வந்து சுவர்ல பன்னிரண்டு இடத்துல எண்ணெய் பூசி மந்திரிப்பாரு. பூசின இடத்துல எல்லாம் ஒரு சிலுவை செதுக்கி வைப்பாங்க. பன்னிரண்டு சீடருக்குப் பன்னிரண்டு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது," என்றார் ஜட்ஜம்மா.

"அப்போ காணாமப் போனது யூதாஸோடதா இருக்கும்."

"பதினாலாம் பக்கத்தைப் படி."

வால் படித்தான். "சுவர்களில் பதினொரு அர்ச்சிப்புச் சிலுவைகள் காணப்படுகின்றன. பாருங்க, என் கணக்குக்கு அச்சுலயே சாட்சி!"

"அதுதான் எனக்குப் பிடிக்கலை." ஜட்ஜம்மா தன் கைப்பையிலிருந்து இன்னொரு புத்தகத்தை எடுத்தார். அதே அட்டை, ஓரம் கரையான் தின்றது. நாலாம் பதிப்பு. நேற்று கொத்தனார் வீட்டில், மகனுடைய டிரங்குப் பெட்டியின் அடியில் கிடைத்தது. "இதுல அதே பதினாலாம் பக்கம்."

"பன்னிரண்டு அர்ச்சிப்புச் சிலுவைகளையும் இன்றும் முழுமையாகக் காணலாம்." வால் தலையைச் சொறிந்தான். "கல்லுச் சிலுவை எழுந்து நடந்து போகாதே மேடம்."

"போகாது. கொத்தனாரே, பன்னிரண்டாவது எங்க?"

கொத்தனார் எழுந்த வேகத்தைப் பார்த்தால் எழுபது வயசு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இத்தனை நேரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவர் முகத்தில் முதல் முறையாக ஒரு வெளிச்சம். "அதை நான்தான்மா மூடினேன். வாங்க, காட்டறேன்."

கோபுரத்தின் அடியில், மணிக்கூண்டுக்கு ஏறும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார். வெறும் சுவர். அழுக்கு, பாசி, சுண்ணாம்புப் பொருக்கு. மற்றச் சுவர்களுக்கும் இதற்கும் வாலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"தெரியாது தம்பி. தெரியக் கூடாது, அதுதான் வேலை." கிழவர் உள்ளங்கையால் சுவரைத் தடவினார். "இங்க ஒரு மாடம் இருந்துச்சு. உள்ள நாலஞ்சு படி இறங்கினா பழைய பாதிரியாருங்களைப் புதைச்ச நிலவறை. மாடத்துப் பக்கச் சுவர்லதான் அந்தச் சிலுவை. சிமெண்ட் ஒரு சிட்டிகை சேர்க்கலை. பழைய செங்கல், சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணி. இருக்கற வரிசையோட வரிசை பிடிச்சு எழுப்பினேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு மயிரிழை விரிசல் விட்டிருக்கா பாருங்க."

"எப்போ கட்டினீங்க?"

அவர் முகத்து வெளிச்சம் அணைந்தது. "பையன் ஓடிப்போன மறுநாள். சனிக்கிழமை. விடிஞ்சதும் சரித்திரம் சார் வீட்டுக்கே ஓடி வந்தாரு. மாடத்துக்கு மேல திடீர்னு விரிசல் விட்டிருக்கு, கோபுரமே இறங்கிடும் போலருக்கு, உன் மகன் பண்ணின காரியத்துக்கு நீ இதையாவது செய்யின்னாரு. கூலி வேண்டாம்னுட்டேன். சனி, திங்கள், ரெண்டு நாள் வேலை. நானே கல் எடுத்து, நானே கலவை போட்டு..."

"நிலவறைக்குள்ள இறங்கிப் பார்த்தீங்களா?"

"இல்லம்மா. தூசி கல்லறை மேல விழக் கூடாதுன்னு சார் படி வாய்க்குக் குறுக்கே முன்னாடியே பலகை அடிச்சு வெச்சிருந்தாரு. நல்ல மனுஷன். ஊரே என்மேல காறித் துப்பினப்போ, வேலை முடியற வரைக்கும் இதோ இந்த ஆர்கன்ல உட்கார்ந்து எனக்காக வாசிச்சாரு. ரெண்டு நாளும். சாப்பிடக்கூட எழுந்திரிக்கலை."

ஜட்ஜம்மாவின் விரல்கள் கைப்பையின் மேல் டைப் அடிப்பது போல் ஓடிக்கொண்டிருந்தன. அது அவருடைய பழக்கம். இப்போது சட்டென்று நின்றன. வால் அதைப் பார்த்துவிட்டான், ஏன் என்றுதான் தெரியவில்லை.

"பையன் காணாமப் போறதுக்கு முன்னாடி வேலையைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

கொத்தனார் யோசித்தார். "பெரிசா ஒண்ணுமில்ல. வாசல் நிலைக்கு மேல தேதிக் கல்லு இருக்கில்ல, கட்டின வருஷம் பொறிச்சது? தளர்ந்திருந்துச்சுன்னு கழட்டி மாட்டினான். அது பிப்ரவரி கடைசி. கல்லுக்கு முதுகுல யாரோ ஒரு அம்மா பேரும் செத்த வருஷமும் இருக்குப்பான்னு சொல்லிச் சிரிச்சான். அது எங்க தாத்தா காலத்து வருஷம். சார்கிட்ட சொல்லிட்டியாடான்னேன். சொல்லிட்டேன்னான்."

வால் மெல்ல விசிலடிக்கப் போய் நிறுத்திக்கொண்டான். அறுநூறு வருஷத்துத் தேவாலயம் என்று புத்தகத்தின் முதல் வரி சொல்கிறது. அதற்கு ஆதாரம் அந்தத் தேதிக் கல். அதுவோ யாரோ ஒரு அம்மாளின் கல்லறைப் பலகையைத் திருப்பிப் போட்டுச் செதுக்கியது!

"கலவையில் கடுக்காய் மட்டுமில்லை, வெல்லமும் சேர்த்தோம்," என்றது ஒரு குரல்.

சரித்திரம் சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். சட்டைப்பையில் இரண்டு பேனா, கண்ணாடி, வாரிய நரைமுடி. எத்தனை நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"சரியான நேரத்துக்கு வந்தீங்க சார். ஒரு சின்னச் சந்தேகம்," என்றார் ஜட்ஜம்மா. "நாலாம் பதிப்புல பன்னிரண்டு சிலுவை. அஞ்சாம் பதிப்புல பதினொண்ணு. எதுக்கு மாத்தினீங்க?"

"சுவர் வந்து மறைச்சிடுச்சு. கண்ணுக்குத் தெரியாததைக் காணலாம்னு எழுத முடியாதே."

"நியாயம். சுவர் எப்போ வந்தது?"

"ஏப்ரல் இருபத்தொண்ணு சனிக்கிழமை ஆரம்பிச்சு இருபத்துமூணு திங்கட்கிழமை முடிஞ்சது. புத்தகம் மே மாசம் திருவிழாவுல வெளியிட்டோம்."

"அதுக்கு முன்னாடி விரிசல் இருந்ததா?"

"திடீர்னு வந்தது. கொத்தனார்கிட்டயே கேளுங்க."

"ஆமாம்மா, அப்படித்தான் சொன்னாரு," என்றார் கொத்தனார்.

ஜட்ஜம்மா ஐந்தாம் பதிப்பைத் திருப்பி வாலிடம் நீட்டினார். "முன்னுரை. கடைசி வரி."

உலகத்தில் முன்னுரையை யாரும் படிப்பதில்லை. எழுதியவரும் ஜட்ஜம்மாவும் மட்டும்தான் படிப்பார்கள். வால் சத்தமாக வாசித்தான். "பழைய பதிப்பிலிருந்த எல்லா எண்களையும் நானே நேரில் சரிபார்த்துத் திருத்தி அச்சுக்கு அனுப்புகிறேன். தேதி..." அவன் அந்த வரியை மறுபடி ஒரு தடவை பார்த்தான். "மார்ச் ரெண்டு."

மேலே கூரையில் ஒரு புறா இடம் மாறி உட்கார்ந்தது.

"ஏப்ரல்ல திடீர்னு வரப்போற விரிசல்," என்றார் ஜட்ஜம்மா. "அதுக்காக எழுப்பப்போற சுவர். அது மறைக்கப்போற சிலுவை. எல்லாத்தையும் மார்ச்லயே கழிச்சிட்டீங்க சார்."

ஒரே ஒரு வார்த்தை போதும். அச்சுப்பிழை. அதைச் சொல்லிவிட்டு அந்த மனிதர் வீட்டுக்குப் போய்க் காபி குடித்திருக்கலாம். அந்த வார்த்தை அவர் உதடு வரை வந்ததை வால் கண்ணால் பார்த்தான். உதட்டைத் தாண்டவில்லை.

"ஐநூறு பிரதி," என்றார் சரித்திரம். "மே மாசம் வெளிய வரப்போ பன்னிரண்டுன்னு இருந்தா ஐநூறுலயும் தப்பு. திருவிழாவுக்கு வர்றவங்க எண்ணிப் பார்ப்பாங்க. தப்போட எப்படி விடறது?"

"என்னம்மா பேசறீங்க? மார்ச்சா இருந்தா என்ன?" கொத்தனார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "என் பையன் எங்கேன்னுதானே கேட்டேன்? சிலுவையைப் பத்தி யாரு கேட்டா?"

அவரே வந்து சேர வேண்டியிருந்தது. தேதிக் கல், மார்ச், பலகை, சுவர் என்று ஒவ்வொன்றாக, அடி மேல் அடி வைத்து அவர் வந்ததைப் பார்த்துக்கொண்டு நிற்பது வாலுக்குத் தாங்க முடியவில்லை. ஓடிவிடலாம் போல இருந்தது. பஸ்ஸில் டீ ஜோக் அடித்த நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

"உள்ள இருக்கானா?" என்றார் கொத்தனார்.

சரித்திரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாற்பது வருஷ உழைப்பு. அந்தக் கல்லு மேலதான் எல்லாம் நின்னுது. போகட்டும் விடுடான்னேன். உண்மையைச் சொல்லிடுங்க சார்னு சிரிச்சான். நிலவறைப் படியில தள்ளினேன். கிண்ணத்தையும் அவன்கூடவே வெச்சிருக்கேன். பத்திரமா இருக்கும்."

"அடப்பாவி!" வால் கத்திவிட்டான். "சுவர் எழுப்ப இவரைத் தவிர வேற கொத்தனாரே கிடைக்கலையா உனக்கு?"

"பழைய வரிசையோட பொருந்தற மாதிரி கட்டத் தெரிஞ்சவர் இவர் ஒருத்தர்தான்." அந்தக் குரலில் குரூரம்கூட இல்லை. ஒரு நல்ல வேலையாளுக்குக் கொடுக்கும் சான்றிதழ் போல் இருந்தது.

வால் கொத்தனாரைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தான். கிழவரின் கண் சுவரை விட்டு அகலவில்லை. தான் வைத்த ஒவ்வொரு கல்லையும் அவர் மனசுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார் என்று வாலுக்குத் தோன்றியது.

ஜட்ஜம்மா அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் பொய்யை மட்டுமே டைப் அடித்த அந்த அம்மாள், வாலுக்குத் தெரிந்து முதல் தடவையாக, சொந்தமாக ஒன்று சொன்னார்.

"கொத்தனாரே, என்னைப் பாருங்க. உங்க பையன் வெள்ளிக்கிழமையே போயிட்டான். படியில விழுந்த அந்த நிமிஷமே. ஒரு வலி தெரிஞ்சிருக்காது. நீங்க சுவர் எழுப்பினப்போ உள்ள இருந்தது வெறும் உடம்பு. கேட்குதா? ஒரு அப்பாவா மகனை அடக்கம் பண்ணினீங்க. அவ்வளவுதான். வீட்டுல அம்மாகிட்டயும் அதையே சொல்லலாம். பையன் திருடனில்லை, உண்மையைச் சொன்னான், நொடியில போயிட்டான்."

கொத்தனார் அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டார். முழுகுகிறவன் கயிற்றைப் பிடிப்பது போல. "நொடியிலயாம்மா?"

"நொடியிலதான்."

அவர் கண்ணில் நீர் இறங்கியது. நல்ல அழுகை அது, பதினோரு வருஷமாக வராத அழுகை. வால் மூச்சு விட்டான். ஆர்கனை அவன் அதற்குள் புரிந்துகொண்டிருந்தான். இரண்டு நாள் ஒரு மனிதன் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் எதற்கு ஆர்கன் வாசிக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கிழவருக்கு மட்டும் அது என்றைக்கும் தெரியாமல் போகட்டும் என்று, கும்பிடத் தெரியாதவன், அந்த இடத்தில் நின்று மனசார வேண்டிக்கொண்டான்.

"அது சரியில்லை," என்றார் சரித்திரம்.

"வாயை மூடுங்க," என்றார் ஜட்ஜம்மா திரும்பாமலே.

"நடந்ததை நடந்தபடி சொல்லணும் மேடம். நொடியிலன்னு சொல்றது தப்பு." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வால் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தான், வாயில் கை வைத்து அழுத்தினான். முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் சொல்லியே முடித்தார். "விழுந்தது வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு. இடுப்புக்குக் கீழ அசைவில்லை, குரல் வரலை. வலது கை மட்டும் வேலை செஞ்சுது. திங்கட்கிழமை இவர் கடைசிக் கல்லை வெச்சுச் சாந்து பூசிட்டுப் போன பிறகும் ஒரு மணி நேரம் சத்தம் இருந்தது. அஞ்சு இருபது வரைக்கும்."

ஜட்ஜம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

கொத்தனாரின் அழுகை நின்றுவிட்டது. அவர் யாரையோ வழி கேட்பவர் போல, மரியாதையாகவே கேட்டார். "ஏதோ தட்டுதே சார்னு நான் கேட்டேனே. ஆர்கன் மிதி பழசு, அதான் தட்டுதுன்னு சொன்னீங்களே."

"ஆமா. சொன்னேன்."

கிழவர் பையைத் திறந்து கரணையை எடுத்தார். வால் சரித்திரத்தின் சட்டையை விட்டுவிட்டு விலகி நின்றான். அடிக்கட்டும் என்று நினைத்தான். தடுக்க மாட்டேன், சாட்சியும் சொல்ல மாட்டேன் என்று நினைத்தான்.

கொத்தனார் சரித்திரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சுவரருகே போனார். அன்றைக்குக் கல் வைக்க உட்கார்ந்தது போலவே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். கரணையைத் திருப்பி, மரக் கைப்பிடியால் சுவரில் மூன்று முறை தட்டினார்.

பிறகு காதைச் சுவரில் வைத்துக்கொண்டு, மற்றவர்களைச் சத்தம் போட வேண்டாம் என்று கையைக் காட்டினார்.